நாலா பின்னோக்கி ஓடிய நாட்கள்

பகல் பன்னிரண்டு ஐம்பது. நான் முதலில் பார்த்தது ஒரு ரப்பர் செருப்பு. நீல வார், இடது கால். தாராவியில் நாலாவின் நடுவே அது மிதந்து வந்துகொண்டிருந்தது. வீடுகளின் கழிவுநீரைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் அந்த நாலாவின் வேலை. செருப்போ கழிமுகத்தின் பக்கமிருந்து வீடுகளை நோக்கி வந்தது. மாதம் ஜனவரி. மழை ஓய்ந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"பாத்தியளா சார், வீட்டுக்குத் திரும்பி வருது" என்றார் பக்கத்தில் நின்றவர்.

அவர் பெல்ட் தைக்கும் ஒரு சிறிய தோல் பட்டறையின் சொந்தக்காரர். திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்து இருபது வருடம் ஆன முஸ்லிம். அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவர் பாய். வயது நாற்பது இருக்கும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் எழுதுவார். நான் மாட்டுங்காவில் குடியிருந்தேன்; ஒரு தமிழ் நாளிதழில் நிருபர். அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கூப்பிட்டது செருப்பைக் காட்ட அல்ல. செருப்பு தற்செயல்.

எண்பதுகளின் முதல் பாதி அது. நகரத்தின் காற்று, தண்ணீர், குப்பை பற்றி மாநகராட்சிக்கு யோசனை சொல்ல ஓர் ஆலோசனைக் குழு அமைத்திருந்தார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் அதன் சிபாரிசைக் காட்டித்தான் அதிகாரிகள் எதையும் செய்வார்கள், அல்லது செய்யாமல் இருப்பார்கள். அந்தக் குழுவின் முன் தாராவி நாலா வந்திருந்தது. வெயில் காலத்திலும் நாலா பொங்கி வீடுகளுக்குள் வருகிறது என்று புகார். கரையில் இருக்கும் முப்பத்திரண்டு வீடுகளும் பட்டறைகளும் குப்பையையும் தோல் கழிவையும் கொட்டி அடைப்பதால்தான் பொங்குகிறது, அவற்றை அகற்றினால் மெஷினை இறக்கித் தூர் வாரலாம் என்று வடிகால் இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த முப்பத்திரண்டில் பாயின் பட்டறை ஒன்று. அதன் மேல் மாடிதான் அவர் வீடு.

குழுவில் நகரவாசிகளின் பிரதிநிதி என்று ஓர் இடம் காலியாக இருந்தது. அது எனக்குக் கிடைக்கும் என்று நான் இருந்தேன். காரணம் இல்லாமல் இல்லை. செம்பூரில் கண்ணை எரிக்கும் வாயு, தேவ்னார் குப்பைமேட்டுப் புகை, தாராவி நாலா என்று ஆறு கட்டுரைகள் எழுதியிருந்தேன். எங்கள் ஆசிரியர், "உம்மைத்தான்யா போடுவாங்க. இந்த நாத்தத்தையெல்லாம் வேற எவன் மோந்து பார்த்திருக்கான்?" என்றார். குழுத் தலைவி ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியை, மராத்திக்காரர். ஒரு முறை என்னிடம் ஆறு கட்டுரைகளின் ஆங்கிலச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு நான் மேஜையில் வைக்கும் பெயர்ப் பலகையின் அளவைக்கூட மனதில் பார்த்திருந்தேன்.

நாலா பற்றிய என் கடைசிக் கட்டுரை இன்ஜினியர் சொன்னதையே சொல்லியிருந்தது. அவரைப் பேட்டி கண்டுதான் எழுதினேன். குப்பையால் அடைப்பு, அடைப்பால் பொங்கல்.

செருப்பு எங்களைக் கடந்து போன பிறகு பாய் என்னைப் பட்டறைக்குள் அழைத்துப் போனார். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. ஊரிலிருந்து ஒரு தோல் மண்டிக்காரர் அனுப்பியது. அதன் கீழே, ஜன்னலுக்கு ஜன்னல் கட்டியிருந்த கம்பியில், விரல் அகலத் தோல் பட்டைகள் வரிசையாகத் தொங்கின. நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு காலண்டர் தாள் குத்தியிருந்தது. பட்டைகள் ஒரே நீளம் அல்ல. குட்டையில் தொடங்கி, மெல்ல நீண்டு, உச்சிக்குப் போய், மறுபடி குட்டையாகி, மறுபடி நீண்டன.

"இது என்ன?"

"சாயம் ஏத்தாத பட்டை சார். பெல்ட் வெட்டினா மிச்சம் விழும்லா, அது. காலையில சுபுஹு தொழுதுட்டு வந்து கரைச் சுவத்து ஆணியில ஒண்ணைத் தொங்க விட்டுருவேன். மறுநா காலையில எடுப்பேன். தண்ணி தொட்ட மட்டும் கறுத்திருக்கும். கறுத்ததை வெட்டி அன்னைக்குத் தாளோட கோத்துருவேன். தண்ணி ஏறுன நாளு பட்டை நீளம். ஏறாத நாளு குட்டை."

"எதற்கு?"

"குப்பை நாங்க தெனமும்தான் போடுதோம். அப்ப தண்ணி தெனமும்லா ஏறணும்? பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ஏன் ஏறுது?"

அவரே சொன்னார். கடல் பொங்கும் நாட்களில் கழிமுகத்துத் தண்ணீர் நாலாவுக்குள் ஏறுகிறது. அதைத் தடுக்க நாலாவின் வாயில் இரும்புக் கதவு ஒன்று உண்டு. தண்ணீர் வெளியே போகும்போது திறக்கும், உள்ளே வரும்போது தானாக மூடும். கடல் வற்றிய நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கிப் போய் அவர் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "கீல் அத்து, கதவு கவுந்து கெடக்கு சார். நண்டு குடியிருக்கு." கடல் தண்ணீர் அவ்வளவு தூரம் வராது, கதவு இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது வடிகால் துறையின் கட்சி. வரும் என்று காட்டத்தான் இந்தப் பட்டைகள்.

எனக்கு அப்போது வந்தது வியப்பு என்று பின்னாளில் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொறாமை. எட்டு வருடம் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். அந்த நாலாவைப் பற்றி மூன்று முறை எழுதியிருந்தேன். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. இந்த மனிதர் மிச்சத் தோலைக் கொண்டு, எங்கள் பத்திரிகையின் படம் வரைபவர் ஒரு நாளும் வரைந்திராத ஒரு படத்தைச் சுவரில் தொங்க விட்டிருந்தார். அதைப் பார்த்தவுடன் என் கட்டுரை தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. அந்தக் கட்டுரையை அவர் படித்திருந்தாரா என்றும் நான் கேட்கவில்லை.

அவருக்கு வேண்டியது, குழுவிடம் கொடுக்க இங்கிலீஷில் ஒரு மனு. தண்ணீர் உச்சிக்கு ஏறிய நாட்களை ஒரு நோட்டில் தனியாக எழுதி வைத்திருந்தார். பிறை ஒன்று, பிறை பதினாறு, அடுத்த மாதம் பிறை இரண்டு என்று அவர்கள் வழக்கப்படி பிறைக் கணக்கில்.

"பட்டையெல்லாம் தகர டின்னுல போட்டுத் தந்துருதேன் சார். தேதி அதுலயே இருக்கும்."

"வேண்டாம். ஹாலில் நாறும். நோட்டு போதும்."

நாற்றம் உண்மைதான். ஆனால் நான் சொன்னது அதனால் அல்ல. அந்தப் படம் குழுவின் முன் போவதை நான் விரும்பவில்லை. என் இங்கிலீஷ் போனால் போதும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மனுவைத் தட்டச்சு செய்தேன். எங்கள் வீட்டில் மாதக் காலண்டர். அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம், வேறு கணக்கு எதுவும் கிடையாது. பிறை என்ற சொல் குழுவுக்குப் புரியாது. அமாவாசை என்றால் புரியும். ஆகவே பிறை ஒன்று, இரண்டு என்று இருந்த இடத்திலெல்லாம் கறுப்பு வட்டத்தின் தேதியைப் போட்டேன். பதினைந்து, பதினாறுக்கு வெள்ளை வட்டம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நல்ல மனு. ஒரு சொல் கூடுதல் இல்லை. அவரிடம் படித்துக் காட்டாமலேயே குழுவின் அலுவலகத்தில் சேர்த்தேன்.

குழு செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடியது, காலை பதினொரு மணிக்கு. முதலில் செம்பூர்ப் பெண்கள் நான்கு பேர் பேசினார்கள். காற்று திரும்பும்போது பிள்ளைகள் இருமுவதைப் பற்றி. தலைவி குறித்துக்கொண்டார். பிறகு நாலா. மொழிபெயர்க்க என்னைப் பாயின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பின்பெஞ்சில் சந்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர். இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாள் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

இன்ஜினியர் நல்ல தயாரிப்போடு வந்திருந்தார். என் மனு, அவருடைய ஓவர்சியரின் பதிவேடு, துறைமுகத்தில் விற்கும் சின்ன ஓதப் புத்தகம். எந்த நாளில் எந்த நேரத்துக்குக் கடல் எவ்வளவு ஏறும் என்று அதில் அச்சாகியிருக்கும். மனுவில் இருந்த தேதிகளில் ஐந்தைப் படித்தார். ஐந்து நாளும் ஓவர்சியர் நாலாவுக்குப் போயிருக்கிறார். கரை காய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறார். ஓதப் புத்தகத்தின்படி அந்த ஐந்து நாளும் கடல் உச்சத்தைத் தொடவே இல்லை.

"தண்ணீர் வராத நாளில் தண்ணீர் வந்ததாகச் சொல்கிறார்கள். நான் இதற்கு மேல் பேச வேண்டியதில்லை" என்று உட்கார்ந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிறை தெரிவது அமாவாசையன்று அல்ல. ஒன்று, இரண்டு நாள் கழித்துத்தான். அங்கிருந்துதான் அவர்களுக்குப் பிறை ஒன்று. கடலும் அதே போலத் தாமதமாகத்தான் உச்சத்துக்கு வருகிறது. அவருடைய பட்டையும் துறைமுகத்துப் புத்தகமும் ஒத்துப்போகும். இரண்டோடும் ஒத்துப்போகாதது நடுவில் இருந்த என் காகிதம் மட்டும்.

தலைவி என்னைப் பார்த்தார். "இந்தத் தேதிகள் இவர் கொடுத்தவைதானா?"

"இவருடைய நோட்டிலிருந்து எடுத்தவை" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் என்று தனியாகச் சுட்டக்கூடிய சொல் எதுவும் இல்லை. அப்படி எழுத எனக்குப் பயிற்சி உண்டு.

பின்பெஞ்சில் இங்கிலீஷ் தெரிந்த யாரோ அதை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இட்லிக்கடை அம்மாளின் குரல் எழுந்தது. "என்ன பாய், இப்படிக் கோட்டை விட்டுட்டீரே! உம்ம தோலை நம்பித்தானே சட்னியக்கூட அரைக்காம வந்தேன். நம்ம வீட்ட நீரே இடிச்சுப் போட்டீரு போங்க."

சிலர் சிரித்தார்கள். பாய் திரும்பிப் பார்த்தார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. அதைக் கண்டதும் எனக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியது. சுகமாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நாலைந்து மூச்சு இருக்கும்.

"என்ன சார் சொல்லுதாரு?" என்று என்னிடம் குனிந்து கேட்டார்.

"தேதி ஒத்து வரவில்லையாம்."

"எந்தத் தேதி?"

மனுவிலிருந்து முதல் தேதியைச் சொன்னேன். மனதுக்குள் விரல் விட்டு எண்ணினார்.

"அது அமாவாசைல்லா சார்? பிறை கண்டது அதுக்கு ரெண்டு நா பொறவு. நான் எழுதுனது பிறை."

அதை நான் மொழிபெயர்க்க வேண்டும். குழு காத்திருந்தது. காகிதங்களை அடுக்கினேன். ஒருமுறை அடுக்கி, மறுபடி அடுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டார் என்று தெரியாது. எழுந்து வெளியே போனார்.

வராந்தாவில் டின்னை வைத்திருந்தார். நான் வேண்டாம் என்ற பிறகும் கொண்டுவந்திருந்தார். ஆனால் நான் வேண்டாம் என்றதால் உள்ளே கொண்டுவராமல் இருந்திருக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு நேராகத் தலைவியின் மேஜைக்குப் போனார். முதல் முறையாக அவரே பேசினார், தாராவிச் சந்தையின் இந்தியில்.

"மேடம், காகஜ் கலத் ஹை. சம்டா கலத் நஹி ஹை."

காகிதம் தப்பு, தோல் தப்பில்லை. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

டின்னிலிருந்து பட்டைகள் கோத்த கம்பியை எடுத்து, அதன் ஒரு முனையை ஒரு ஜன்னலில் கட்டினார். மறுமுனையைச் செம்பூர்ப் பெண்களில் ஒருவர் எதிர் ஜன்னலில் கட்டினார். இட்லிக்கடை அம்மாள் முன்னால் வந்து, சிக்கிக்கொண்ட பட்டைகளைப் பிரித்துவிட்டார். "ஏ பாய், இதை மொதல்லயே விரிச்சிருந்தா நான் உம்மை ஏசியிருப்பேனா? வாயைத் தொறந்து சொன்னாத்தான் என்ன?" ஹால் முழுக்கத் தோல் நாற்றமும் நாலா நாற்றமும் பரவின. ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

தலைவி மேஜையை விட்டு எழுந்து வந்து அந்த வரிசையோடு மெல்ல நடந்தார், பட்டைகளின் நுனியில் விரலை ஓட்டிக்கொண்டே. விரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. காலண்டர் தாள்களில் தேதி பெரிய எண்களில் இருந்தது. அதைப் படிக்கத் தமிழ் வேண்டியதில்லை. மிக நீளமான பட்டையில் நின்றார். தேதியைச் சத்தமாகப் படித்தார். இன்ஜினியர் ஓதப் புத்தகத்தைப் புரட்டினார். அடுத்த நீளமான பட்டை. மறுபடி புரட்டினார். ஆறாவதுக்குப் பிறகு புத்தகத்தை மூடினார். நேர்மையான மனிதர். "சரியாக இருக்கிறது" என்றார். அந்த நாட்களைப் பதிவேட்டில் தேடினார். ஓவர்சியர் அந்த நாட்களில் நாலா பக்கம் போயிருக்கவில்லை.

"அப்படியானால் மனுவில் எப்படித் தவறு வந்தது?" என்று தலைவி கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொல்லிவிட்டார். தப்பு தன்னுடையது. தங்கள் ஆட்களின் மாதக் கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டாராம், சார் என்ன செய்வார். "மேரி கல்தி, மேடம்." தலைவி தன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதி, அடியில் கோடு போட்டார். ஆறு கட்டுரைகளின் சுருக்கத்தை வாங்கிய அன்று அவர் எதற்கும் கோடு போடவில்லை. நான் கவனித்திருந்தேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் பாய் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"விடுங்க சார். உங்களுக்கு அமாவாசை, எங்களுக்குப் பிறை. நாந்தான் வெளங்கச் சொல்லல."

"நான் கேட்டிருக்க வேண்டும்" என்றேன்.

"கேக்கத்தான் நேரம் ஏது உங்களுக்கு? பத்திரிகை வேலைலா."

அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தியிருந்தால், நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டிருந்தால், நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி அவரைக் கொஞ்சம் வெறுத்திருக்கலாம். அவர் டீயை ஊதிக் குடித்தார். பஸ் வந்ததும் டின்னை முதலில் ஏற்றிவிட்டு, எனக்கு இடம் பிடித்து வைத்தார்.

கூட்டத்தில் நடந்ததை வீட்டில் சொன்னேன், ஒரு பகுதியை விட்டுவிட்டு. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, மாசா மாசம் மூணாம் பிறை பாக்கணும்னு எங்களையெல்லாம் மொட்டை மாடிக்கு இழுத்துண்டு போறேளே. அமாவாசையன்னிக்கா போறோம்?"

"அவசரத்தில் எழுதினது."

"அவசரமா? ஞாயித்துக்கிழமை. ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு, அந்த பாய் பெரிய விஞ்ஞானியாட்டம் தோலைத் தொங்க விட்டுருக்கார்னு சிரிச்சேள்."

நான் அப்படிச் சிரித்தது எனக்கு மறந்து போயிருந்தது. அவள் கீரைத் தண்டுகளைத் தனியாக ஒதுக்கினாள்.

மூன்று வாரம் கழித்துக் குழுவின் சிபாரிசு வந்தது. கரையோர வீடுகளை அகற்றத் தேவையில்லை. நாலா வாயில் புதிய இரும்புக் கதவு பொருத்த வேண்டும். அதோடு இன்னொரு தாளும் வந்தது. நகரவாசிகளின் பிரதிநிதி இடத்துக்குப் பட்டறைக்காரரை அழைத்திருந்தார்கள்.

ஆசிரியர் அதை என் மேஜையில் போட்டுவிட்டு, "யாருய்யா இது? உம்ம சரக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "பரவாயில்லையே, நீர் கண்டுபிடிச்ச ஆளா?" அதற்கும் ஆமாம் என்றேன்.

அன்று மாலை பாய் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு. எப்போதும் காதில் செருகியிருக்கும் பென்சில் அன்று இல்லை. கையில் அந்தக் கடிதம்.

"நான் போயி அங்க என்ன சார் பேசுவேன்? நீங்களும் வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்."

போனேன். ஏழு கூட்டங்களுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மேஜையில் அவர் பெயர்ப் பலகை இருந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. என் நாற்காலி அவருடையதற்கு அரை அடி பின்னால் போட்டிருந்தார்கள். செம்பூர் வாயுவைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர், "எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல கண்ணு எரியுதா, இல்ல ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா?" என்று கேட்கச் சொன்னார். அந்தக் கேள்வியையும் நான் கேட்டிருக்கவில்லை. தலைவி என் வழியாக அவரிடம் பேசுவதை நான்காம் கூட்டத்தோடு நிறுத்திவிட்டார். அவருடைய இந்தியிலேயே அவரிடம் நேராகப் பேசினார். மற்ற மூன்று கூட்டங்களில் எனக்கு வேலை அதிகம் இருக்கவில்லை. ஆனாலும் போனேன். அவர் என்ன பேசுகிறார், யார் தலையசைக்கிறார்கள், யார் எழுதிக்கொள்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மே மாதக் கடைசியில், மழைக்கு முன், நாலா வாயில் கதவு பொருத்தினார்கள். பகல் ஒரு மணிக்கு, கடல் ஏறும் நேரம் பார்த்து, முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் கரையில் நின்றார்கள். தண்ணீர் வந்து கதவில் முட்டி நின்றது. கைதட்டினார்கள். இட்லிக்கடை அம்மாள் பாயின் வாயில் சர்க்கரையைத் திணித்தார். நானும் நின்றேன்; நேரம், இடம், வந்திருந்த அதிகாரிகளின் பதவி எல்லாம் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் செய்தி ஆறாம் பக்கத்தில் வந்தது. பதினொரு வரி. அதில் பட்டறைக்காரரை 'தாராவிவாசி ஒருவர்' என்று எழுதியிருந்தேன்.